கெண்டைக்கால்

தங்கை மசாஜ் படிக்கிறாள் என்பதை என் தொழிற்சாலை நண்பர்களிடம் ஒரு வருடம் மறைத்து வைத்திருந்தேன். கேட்டவர்களிடம் "பிசியோதெராபி" என்று சொல்லிவிடுவேன். மலேசியாவில் பிசியோதெராபி 774ஆம் சட்டத்துக்குள் வரும். பாரம்பரிய மருத்துவம் 775ஆம் சட்டத்துக்குள். இரண்டுமே 2016ஆம் ஆண்டுச் சட்டங்கள். "உன் பொய்யோட நீளம் ஒரே ஒரு நம்பர்தான் அண்ணே" என்று பிறகு அவளே கிண்டலடித்தாள்.

எங்கள் வீட்டுக்கு இது புதுத் தொழில் இல்லை. அசஹான் பக்கம், லேடாங் மலை தெரியும் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் பாட்டி. மத்தியானத்துக்கு மேல் லயத்து வாசலில் யாராவது காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். காண்டா தூக்கிப் பிடித்துக்கொண்ட தோள், சேற்றில் வழுக்கிப் பிசகிய கணுக்கால், பிள்ளை பெற்ற உடம்பு. நல்லெண்ணெய், இல்லாவிட்டால் கோடாலித் தைலம். காசு வாங்க மாட்டார், வெற்றிலை பாக்கு மட்டும். கிராணி வீட்டிலிருந்துகூட ஆள் வந்து கூப்பிட்டுப் போகும்.

அதே வேலையை 'மசாஜ்' என்ற பெயரில் பேத்தி படிக்கப் போனபோது, தோட்டத்தை விட்டு ஜாசின் தாமானுக்கு வந்துவிட்ட எங்கள் குடும்பத்தில் முதலில் முகம் சுளித்தவன் நான்தான். அப்பா, "கவர்மெண்டு சர்டிபிகேட்டா?" என்று மட்டும் கேட்டார். எஸ்.கே.எம். மூன்றாம் நிலை என்றதும் தலையாட்டிவிட்டார்.

"பிரிக்பீல்ட்ஸ்ல பார்வையில்லாதவங்க எத்தனை வருஷமா இதைப் பண்றாங்க. சங்கமே பயிற்சி கொடுக்குது. நீயே போய் முதுகு பிடிச்சிட்டு வர்ற. உன் தங்கச்சின்னா மட்டும் கசக்குதா?" என்றாள். என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் கூச்சம். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு மாதிரி சிரிக்கிற ஆண்கள் கூட்டத்தில் நானும் நின்று சிரித்திருக்கிறேன்.

அவளுடைய நோட்டைப் புரட்டினால் எஃப்ளூராஜ், பெத்ரிசாஜ், தபோத்மான் என்று பிரெஞ்சுச் சொற்கள். சுவீடிஷ் மசாஜின் அடிப்படை அசைவுகளாம். வருடுவது, பிசைவது, தட்டுவது. இதைத்தானே பாட்டி வாசலில் உட்கார்ந்து செய்தார்! அவருக்குத் தெரியாதது கட்டிலின் உயரம். கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல் முட்டி கட்டிலைத் தொட வேண்டும். அப்போதுதான் நம் உடம்பின் எடை இறங்கி வேலை செய்யும், கட்டைவிரல் தப்பிக்கும். தரையில் குந்தி, கட்டைவிரலாலேயே அழுத்தி அழுத்தி, கடைசிக் காலத்தில் பாட்டியால் சோற்றைப் பிசைய முடியவில்லை. அம்மாதான் பிசைந்து கொடுப்பார். பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்பதை டுரியான் துங்காலில் பொறியியல் படித்தபோது எத்தனையோ கணக்குகளில் போட்டிருக்கிறேன். பாட்டியின் விரலோடு அதைச் சேர்த்துப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை.

போன வருடம் ஒரு ராத்திரி, அப்பா பாசிர் கூடாங்கிலிருந்து லாரி ஓட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். "காலைக் கொஞ்சம் பிடிச்சு விடும்மா" என்றார். இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. தங்கை புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு. எழுந்து போய் அம்மாவின் தையல் டேப்பை எடுத்து வந்து இரண்டு காலையும் அளந்தாள். இடது கால் 4 செ.மீ. கூடுதல்.

"நான் தொட மாட்டேன்பா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அப்பாவுக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "பெத்த அப்பன் காலைப் பிடிக்க மாட்ட, ஊரான் காலைப் பிடிக்கவா படிக்கிற?" அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். தங்கை கிண்ணத்தை வாங்கி மேசை மேல் வைத்தாள். அழுதாள்தான், ஆனால் கை வைக்கவில்லை. நான் காரை எடுத்தேன். அவள் சொன்னதை நம்பி எடுத்தேன் என்று எழுத ஆசை. சண்டை நின்றால் போதும் என்றுதான் எடுத்தேன்.

ஸ்கேனில் ஆழத்து நரம்பில் ரத்தக்கட்டி. கட்டி இருக்கும் காலை அழுத்தித் தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். அவளுடைய பயிற்சியில் முதல் பாடமே எங்கெல்லாம் கை வைக்கக் கூடாது என்பதுதானாம். காய்ச்சல், எலும்பு முறிவு, ஒரு கால் மட்டும் காரணமில்லாமல் வீங்குவது. பாட்டி இருந்திருந்தால் எண்ணெயைச் சூடு காட்டியிருப்பார். அந்த வாசலில் நீட்டிய கால்களில் எத்தனை இப்படி இருந்தனவோ.

அப்பா இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இடைக்கிடையே, "இப்பவாச்சும் பிடிச்சு விடலாமா?" என்று காலை நீட்டுவார். "டாக்டர் சொல்லட்டும்ப்பா" என்பாள்.

போன வாரம் வேலையிடத்தில் நண்பன் ஒருவன், "உன் தங்கச்சி பிசியோதானே? எங்கம்மாவுக்குத் தோள்பட்டை தூக்க முடியல" என்றான்.

"பிசியோ இல்லடா. மசாஜ்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு, "மணிக்கு எவ்ளோ?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.