தூக்கிப் பிடித்தால் திறக்கும் கதவு

பூட்டு ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. முதலில் சாவி லேசாகத் தயங்கும். பிறகு கைப்பிடியை இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கும். மூன்றாவது மாதத்துக்குள் வீட்டிலுள்ளவர்கள் கதவைத் தூக்கிப் பிடிக்கவும், தோளால் ஒரு இடி கொடுக்கவும், சாவியை நூலளவு வெளியே இழுத்துத் திருப்பவும் கற்றுக்கொண்டிருப்பார்கள். அதன்பின் கோளாறு இருப்பதே மறந்துபோகும். விருந்தாளி யாராவது வாசலில் திணறும்போது மட்டும் உள்ளேயிருந்து குரல் வரும்: “கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, திறந்துடும்.”

பூட்டுக்குப் பஞ்சமில்லாத நாடு இது. உத்தரப் பிரதேசத்தின் அலிகார் பூட்டுக்காகவே பெயர் பெற்ற நகரம். பம்பாயில் ஆர்தேஷிர் கோத்ரெஜ் பூட்டுத் தயாரிப்பில் இறங்கியது 1897இல். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடையில் நின்று பூட்டு வாங்குபவர் கேட்பது ஒரே கேள்வி: திருடனால் திறக்க முடியாதே? வீட்டிலிருப்பவரால் எப்போதும் திறக்க முடியுமா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை.

தில்லியின் கிழக்குப் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தது ஒரு டிசம்பர் மாதத்தில். கணவன், மனைவி இருவருக்கும் வேலை. அப்பா இறந்த பிறகு கும்பகோணத்திலிருந்து அழைத்து வரப்பட்ட அம்மாவுக்கு வயது 76. மூன்றாவது மாடி ஃபிளாட். அம்மாவின் அறைக் கதவு மழைக்காலத்திலிருந்தே சிக்கிக்கொண்டிருந்தது. ஊர்ப் பழக்கத்தில் மருமகள் அக்டோபரில் பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். சில வாரங்களுக்குக் கதவு சொன்னபடி கேட்டது.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். கும்பகோணத்தில் அது மார்கழி அதிகாலையில் மட்டும் நினைவுக்கு வரும் சங்கதி. தில்லியின் டிசம்பரில் எண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகாக நிற்கும். பூட்டுக்குள் இருப்பதும் அதே எண்ணெய்தானே.

அன்று காலை 11 மணிக்குக் குளிருக்குப் பயந்து அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பத் திறக்க முடியவில்லை. தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பல முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூட்டுவாதத்தால் வளைந்த விரல்களுக்குத்தான் அந்தக் கதவைத் தூக்கும் பலம் இல்லை. மொபைல் ஹாலில் சார்ஜில் இருந்தது. அறைக்குள் குடிக்கத் தண்ணீர் இல்லை. மாலை ஆறரைக்கு மகன் வரும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். ஏழரை மணி நேரம்.

மகன் வெளியிலிருந்து கைப்பிடியைப் பிடித்து லேசாகத் தூக்கினார். கதவு திறந்தது. “இவ்வளவுதானேம்மா” என்று சொல்ல வந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஏன் கத்திக் கூப்பிடவில்லை என்று மருமகள் கேட்டதற்கு அம்மா சொன்னது: “எதுக்கும்மா ஊரைக் கூட்டணும்? சாயங்காலம் எப்படியும் வந்துடுவீங்கன்னு இருந்துட்டேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் திருப்புளியை எடுத்தார். ஐந்து மாதமாக நேரம் கிடைக்காத வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. காத்திருந்த நேரம் தனி. செலவு என்று சொல்ல எதுவும் இல்லை.

சிக்கும் பூட்டுக்கு முதல் சோதனை மிக எளியது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியையோ சாவியையோ திருப்பிப் பார்க்க வேண்டும். சுலபமாகத் திரும்பினால் பூட்டின் மேல் குற்றமில்லை. கதவும் நிலையும்தான் நேருக்கு நேர் பொருந்தவில்லை. கதவு திறந்திருக்கும்போதும் திரும்ப மறுத்தால் கோளாறு பூட்டுக்குள். இதைப் பார்க்காமலே பூட்டை மாற்றிவிட்டு, புதுப் பூட்டும் சிக்குகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

அம்மாவின் அறையில் இரண்டு கோளாறும் இருந்தன. மேல் கீலின் ஸ்குரூ தளர்ந்து கதவு இரண்டு மில்லிமீட்டர் தொங்கியிருந்தது. கதவின் பாரம் அதிகமாக இழுப்பது மேல் கீலைத்தான். கதவு தொங்கும்போது பூட்டின் நாக்கும் கீழே இறங்கி, நிலையில் பதித்த தகட்டின் ஓட்டையில் கீழ் விளிம்பை அழுத்திக்கொண்டு நிற்கும். தூக்கிப் பிடித்தால் திறப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஸ்குரூவை இறுக்கினாலே பாதிக் கதவுகள் சரியாகிவிடும். ஓட்டை பெரிதாகி ஸ்குரூ சும்மா சுற்றினால், மருந்து முனையை ஒடித்த தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் நெருக்கமாகச் செருகி, நன்றாகக் காய்ந்த பிறகு திரும்ப முடுக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் சற்று நீளமான ஸ்குரூ. அப்புறமும் உரசினால் நாக்கின் மேல் சாக்பீஸைத் தேய்த்து, கதவை மூடித் திறந்தால் தகட்டில் எந்த இடத்தில் இடிக்கிறது என்று வெள்ளையாகத் தெரியும். அந்த விளிம்பை மட்டும் அரத்தால் ராவினால் போதும்.

மழையில் உப்பிய மரக்கதவை அவசரப்பட்டு இழைப்பது வேறு வம்பு. மரம் ஈரத்தைக் குடித்துக் குறுக்குவாட்டில் பருக்கும். வெயில் வந்ததும் சுருங்கும். ஆகஸ்டில் இழைத்த கதவு ஜனவரியில் இடைவெளியோடு ஆடும். காய்ந்த நாளில், பெயிண்டர்கள் வழக்கமாக விட்டுவிடும் மேல், கீழ் விளிம்புகளுக்கும் பெயிண்ட் அடித்துவிட்டால் அடுத்த மழையில் உப்புவது குறையும்.

பூட்டுக்குள்ளேயே கோளாறு என்றால் அதற்கு வேறு வைத்தியம். கைப்பிடிகளைக் கழற்றி, கதவின் விளிம்பிலுள்ள இரண்டு ஸ்குரூக்களையும் எடுத்தால் பூட்டு வெளியே வந்துவிடும். அம்மாவின் கதவுப் பூட்டிலிருந்து வந்தது எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுப்புக் களிம்பு. அடுப்புக்குப் பக்கமில்லாத இடத்தில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, காயவிட்டு, நாக்கின் பக்கங்களில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அதற்கு மேல் வேண்டாம். சாவித் துவாரத்துக்குச் சமையல் எண்ணெய் எதுவுமே ஆகாது. தூசியைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. மெதுவான பென்சில் முனையைச் சுரண்டிய தூள் போதும். அந்தத் தூளில் உள்ள கிராஃபைட் குளிரில் உறையாது, பிசுபிசுக்காது. தூளைச் சாவியில் தடவி நாலு தடவை செருகி எடுத்தால் வேலை முடிந்தது.

சாவியையும் சந்தேகிக்க வேண்டும். நகலைப் பார்த்து நகல் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் பற்களின் அளவு நூலிழை மாறிக்கொண்டே போகும். உள்ளேயிருக்கும் ஊசிகள் சரியான உயரத்துக்கு எழும்பாவிட்டால் பூட்டு திரும்பாது. புதிய சாவியை எப்போதும் மூலச் சாவியைக் கொண்டே வெட்ட வேண்டும். சிக்கும் சாவியைக் குறடு போட்டுத் திருப்பினால் அது துவாரத்துக்குள்ளேயே ஒடியும். அதுவும் பெரும்பாலும் யாரோ அவசரமாகக் கிளம்பும் நேரத்தில்.

கதவு சரியான பிறகு அந்த வீட்டில் இன்னும் இரண்டு மாற்றங்கள். வாசல் கதவின் மாற்றுச் சாவி ஒன்று எதிர் ஃபிளாட்டுக்குப் போனது. வயதானவர் இருக்கும் வீட்டில் உள்தாழ்ப்பாள் மட்டுமே உள்ள குளியலறையும் ஆபத்துதான். அதைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தாலேயே திருப்பித் திறக்கக்கூடிய தாழ் போடப்பட்டது. ஆனாலும் அம்மா அதன்பிறகு பல வாரங்கள் தன் அறைக் கதவைச் சாத்தவேயில்லை. குளிர் காற்று வந்தாலும் பரவாயில்லை என்றார். கதவை ரிப்பேர் செய்த வேகத்தில் அதை ரிப்பேர் செய்ய முடியவில்லை.

சிக்கும் பூட்டின் உண்மையான ஆபத்து, பழகிய கைக்கு அது தெரிவதில்லை என்பதுதான். வீட்டில் பலசாலி திறந்து காட்டினால் பூட்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பத்து வயதுப் பிள்ளையும் எழுபத்தாறு வயது அம்மாவும் ஆளுக்கு ஒருமுறை, யாரும் யோசனை சொல்லாமல், உள்ளேயிருந்து திறந்து பார்க்கட்டும். திறந்தால் அது பூட்டு. திறக்காவிட்டால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை இருக்கிறது.