சுசீந்திரத்துப் பல்லக்கு

அம்மாவைச் சுசீந்திரத்திலிருந்து திருவனந்தபுரத்துக் கரமனைக்குக் கட்டிக்கொடுத்தது 1955ல். அப்போது இரண்டும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள்தான் இருந்தன. மறு வருஷம் நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களெல்லாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழ் பேசுகிறவர்கள் போராடி, உயிரும் கொடுத்து வாங்கிய இணைப்பு அது. அம்மாவுக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனாலும், "பெத்த வீடு ஒரு ஸ்டேட்டு, வந்த வீடு ஒரு ஸ்டேட்டு" என்று அடுப்படியில் நின்றுகொண்டு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

எழுபது கிலோமீட்டர் பெரிய தூரமில்லை. ஆனால் அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நினைத்தபோதெல்லாம் பஸ் ஏற அந்தச் சம்பளம் இடம் கொடுக்காது. மார்கழித் தேரோட்டத்துக்கு ஒரு தரம், ஏதாவது கல்யாணத்துக்கு ஒரு தரம், அவ்வளவுதான். மற்ற நாட்களில் அம்மாவைப் பெற்ற பாட்டாவின் இன்லண்டு லெட்டர் வரும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மலையாளம். தமிழை அம்மாதான் முறத்தில் அரிசி பரப்பி, விரலைப் பிடித்து எழுதவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். முதன்முதலில் நான் முழுசாக வாசித்த தமிழ் பாட்டாவின் கையெழுத்து. கடைசி வரி எப்போதும் அடுத்த மழையைப் பற்றியதாகவே இருக்கும்.

அம்மாவால் ஊருக்குப் போக முடியாத குறையை வருஷத்துக்கு ஒரு தரம் ஊரே வந்து தீர்த்துவைத்தது. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து மூன்று தெய்வங்கள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும். கம்பர் பூஜித்ததாகச் சொல்லப்படும் தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மேல். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். முதல் ராத்திரி குழித்துறை, இரண்டாம் ராத்திரி நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் கரமனை. களியக்காவிளையில் இரண்டு மாநிலத்துப் போலீஸும் மரியாதை செய்து வழிவிடுவார்கள். திருவிதாங்கூர்த் தலைநகரம் பத்மநாபபுரத்தைவிட்டு இங்கே வந்த பிறகு ஏற்பட்ட வழக்கம். ராஜாவும் போய், எல்லைக்கோடும் வந்த பிறகும் அது நிற்கவில்லை.

எங்களுக்குக் குமாரசுவாமிமேல்தான் கண். கரமனையில் வைத்துத்தான் அவரை வெள்ளிக்குதிரையில் ஏற்றுவார்கள். அம்மா குதிரைப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். வாசலில் நிறபறையும் நிலவிளக்கும் வைத்துவிட்டு, தட்டத்தில் தேங்காய், வெற்றிலை, தெற்றிப்பூ, பழம் எல்லாம் அடுக்கிக்கொண்டு நங்கையின் பல்லக்குக்காக நிற்பாள். பல்லக்கு நின்றதும் ஒரு கும்பிடு. அப்புறம் சுமந்து வந்தவர்களுக்குச் சுக்குத் தட்டிப்போட்ட மோரைச் செம்பு செம்பாக ஊற்றுவாள். ஊற்றிக்கொண்டே விசாரணை நடக்கும்.

"தெப்பக்குளத்துல தண்ணி கெடக்கா அண்ணாச்சி?"

"கெடக்கு மக்கா, படி முங்கிக் கெடக்கு."

"அப்பா எப்பிடி இருக்காவ?"

அவர்களில் வயதானவர் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். பாட்டா கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்து. மூன்று நாள் நடந்து வந்ததில் மேல்மாவு அங்கங்கே உதிர்ந்து, உள்ளே இருக்கிற சிறுபயறும் சர்க்கரையும் தெரியும். அம்மா அதை எங்களுக்கு உடனே கொடுக்க மாட்டாள். தான் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மெதுவாகத் தின்று முடித்த பிறகுதான் பங்கு வைப்பாள். எதையும் பிள்ளைகளுக்கு முந்தித் தின்னாத அம்மா, முந்திக்கொண்டது அதில் மட்டும்தான்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் புரட்டாசியில் தந்தி வந்தது. சாயங்காலம் வந்த தந்தி. அப்பா தம்பானூருக்கு ஓடிப்போய்ப் பஸ் விசாரித்து, நாங்கள் ஊர்போய்ச் சேரும்போது நடுராத்திரி. அதற்குள் பழையாற்றங்கரையில் எல்லாம் முடிந்திருந்தது. அம்மா வீட்டுக்குள் போகவில்லை. நேரே புறவாசலுக்குப் போனாள். கொடியில் பாட்டாவின் துவர்த்து கிடந்தது. காலையில் குளித்துவிட்டுக் காயப்போட்டது, மழைச்சாரலில் இன்னும் ஈரம் போகாமல் இருந்தது. அம்மா அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா அப்படி அழுவாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அப்பா பக்கத்தில் போய் நின்றார். "அழட்டும்" என்று ஆச்சியிடம் சொன்னார். தேற்ற வந்தவர்களையெல்லாம் தள்ளி நிறுத்தினார். துக்க வீட்டில் அவர் செய்ததிலேயே அதுதான் பெரிய காரியம் என்று இப்போது தோன்றுகிறது.

கரமனைக்குத் திரும்பினோம். தீட்டு கழியவில்லை, நங்கையோ வந்துகொண்டிருந்தாள். அம்மா வாசலில் விளக்கு வைக்கக்கூடாது, தெருவுக்கும் போகக்கூடாது. அப்பா கடைக்குப் போகாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாலையோரம் தள்ளி நின்றார். "குதிரையப் பாக்காத மக்களே, பல்லக்கப் பாத்துட்டு வந்து அம்மைக்குச் சொல்லணும்" என்றார். தம்பி அவர் தோளில் இருந்தான். அன்றைக்கு நான் அந்தப் பல்லக்கைப் பார்த்த மாதிரி எதையும் பார்த்ததில்லை. பட்டு என்ன நிறம், பிச்சிப்பூவா அரளியா, யார் யார் சுமந்தார்கள், யார் கால் நொண்டினார்கள் என்று ஒன்று விடாமல் பார்த்தேன். அம்மா திண்ணைக்கு உட்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். "மோரு யாராம் குடுத்தாவளா?" என்றும் கேட்டாள். அடுத்த வீட்டு மலையாளத்து அம்மா கொடுத்தாள் என்றேன். அதற்கப்புறம்தான் அவள் சோறு தின்றாள்.

நவராத்திரி முடிந்து நல்லிருப்பு என்கிற ஓய்வு நாளும் கழிந்தபின் தெய்வங்கள் வந்த வழியே திரும்பும். அதற்குள் தீட்டுக் கழிந்து அம்மா குளித்திருந்தாள். பாட்டாவுக்குக் கொடுத்துவிட இனி எதுவுமில்லை. இருந்தாலும் ஆச்சிக்கு ஒரு பொட்டலம் கட்டினாள், சாலைக் கடையில் வாங்கிய ஏத்தங்காய் உப்பேரி. ஆச்சியால் கடிக்க முடியாதே என்றார் அப்பா. "நனச்சுத் திம்பா" என்றாள்.

அடுத்த தை பிறக்குமுன் அப்பா போய் ஆச்சியைக் கரமனைக்கே கூட்டிவந்துவிட்டார். அடுத்த நவராத்திரிக்குப் பல்லக்கு வந்தபோது அம்மா மோர் ஊற்ற, விசாரணையை ஆச்சி ஏற்றுக்கொண்டாள். தெப்பக்குளம், வயல், பக்கத்து வீட்டுப் பசு, யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பேறுகாலம் என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் பல்லக்கைத் தூக்கிவிட்டார்கள். கிள்ளிப்பாலம் வரைக்கும் அவர்கள் பின்னாலேயே பேசிக்கொண்டு போனவளை, நானும் தம்பியும் ஓடிப்போய்க் கைபிடித்துக் கூட்டிவந்தோம்.