தூரம் ஒன்று, நேரம் இரண்டு

சிங்கப்பூர், ஜனவரி 11, இரவு

நள்ளிரவுக்குப் பின் புறப்படும் நியூயார்க் விமானத்துக்காகச் சாங்கியில் காத்திருக்கையில், இன்று பகல் தம்பி வீட்டுக் குழந்தைகளோடு பூகோள உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்த விஷயமே மனத்தில் சுழல்கிறது. சுவர்ப்படத்தில் பசிபிக் சமுத்திரத்தைக் குறுக்காகக் கடப்பதுபோல் தோன்றும் வழி, உருண்டையில் நேர் வடக்கே ஏறி, துருவத்தின் அருகே சென்று, மறுபுறம் இறங்கி நியூயார்க்கை அடைகிறது; இரு நகரங்களும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் அமைந்திருப்பதே அதற்குக் காரணம். அந்த நூலின் அளவைத்தான் 15,349 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். பூமியின் சுற்றளவே சுமார் 40,000 என்கையில், எவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே 20,000க்கு மேல் தூரம் இருக்க வழியில்லை. அதில் முக்கால் பங்குக்கும் அதிகமாக எங்கும் இறங்காமல் கடக்கப் போகிறோம்.

ஆகாயத்தில், 12

விமானி துருவத்தை நாடவில்லை. ஜப்பானை ஒட்டிக் கிழக்கே போவதாக எதிரிலுள்ள திரை காட்டுகிறது. மேற்கிலிருந்து கிழக்காக, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசும் பிரவாகக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும்போது, வழி ஆயிரம் கிலோமீட்டர் நீண்டாலும் நேரம் குறையுமாதலால், நூல் காட்டிய சுருக்குவழியை விமானிகள் சிறிதும் மதிப்பதில்லை.

இந்த ஏர்பஸ் ஏ350 விமானத்தின் எரிபொருள் கொள்ளளவு 165,000 லிட்டர். ஆசனங்களோ 161 மாத்திரமே. சாதாரண வகுப்பு என்பதே கிடையாது. ஆட்களைக் குறைத்து எண்ணெயை ஏற்றும் இந்த வியாபாரம் எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. ஆயினும் கணக்கு அப்படி. 2004இல் நியூயார்க்கை அடுத்த நெவார்க்குக்கு நான்கு என்ஜின் விமானத்தால் தொடங்கிய சேவை, எண்ணெய்ச் செலவு தாங்காமல் 2013இல் நின்றுபோய், இரண்டு என்ஜின்களோடு சிக்கனமாகப் பறக்கும் இந்த விமானம் வந்த பிறகே 2018இல் மீண்டும் உயிர் பெற்றது.

நியூயார்க், அதே 12, காலை

பதினெட்டு மணிக்குச் சற்று அதிகமாயிற்று. தேதிக்கோட்டைக் கிழக்காகக் கடந்ததனால் நாட்குறிப்பில் இன்னும் அதே பக்கந்தான்.

சிங்கப்பூர், 28

26ஆம் தேதி இரவு புறப்பட்டு இன்று காலை இறங்கினேன். அதே தூரத்துக்குத் திரும்புகையில் அரைமணிக்கும் மேல் கூடுதலாயிற்று. போகும்போது தள்ளிய காற்றை எதிர்கொள்ளாதிருக்கும்பொருட்டு, அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து வேறு வழியாக வந்தும் அப்படி.

இதைக் குறைசொல்லவும் கூசுகிறது. யுத்த காலத்தில், 1943 முதல் 1945 வரை, ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலை ஏரிக்கு வந்த கட்டலினா நீர்விமானங்கள், ரேடியோவில் பேச்சுமின்றி, 5,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம் எடுத்துக்கொண்டன. அவற்றில் வந்தவர்கள் ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயம் கண்டார்கள்.

இவ்வழியே போக எண்ணும் அன்பர்கள் கிலோமீட்டரைக் கேட்டுத் திருப்தியடைந்துவிட வேண்டாம். போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியே விசாரித்து, வீட்டாருக்குச் சொல்லும் தேதியை டிக்கெட்டைப் பார்த்தே சொல்லுங்கள்.