ஏ.ஸி.யில் இரண்டு பேர்!

ஜவ்வாது மலை என்றதும் பெட்டியில் ஸ்வெட்டரைத் திணிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. டிசம்பரில் திணியுங்கள், தப்பில்லை. மே மாதத்தில் வேண்டாம் ஸார்! ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஜவ்வாது மலையில் காவலூர் 725 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால், கீழே வாணியம்பாடியில் 40 டிகிரி கொளுத்தும்போது மேலே 37 இருக்கும். ராத்திரி ஜம்மென்று இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, கரன்ட் போன ஆபீஸில் ஆடிட்டிங் நடக்கிற மாதிரிதான்.

இருந்தாலும் போகலாம். ஆலங்காயம் தாண்டியதும் ரோடு வளைந்து வளைந்து ஏறும். வழியில் காவலூர் வானாய்வு மையம். அங்கே இருக்கிற பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். 1986-ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதை உருவாக்கப் பாடுபட்ட வைணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். மையத்துக்கு அவர் பெயர்தான். இந்த மாதிரி தொலைநோக்கிகளுக்கு ஒரு வீம்பு உண்டு. கூண்டுக்குள் வெளியைவிடக் கொஞ்சம் சூடு தங்கினாலும், காற்று அலைந்து நட்சத்திரம் கலங்கித் தெரியும். ஒரு கண்ணாடிக்கே அவ்வளவு உபசாரம்! இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து வருகிறவர்கள் உயிருள்ள பிராணிகள்.

ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. ரோட்டோரம் ஒரு மெஸ். வாசலில் ஒரு பிக்கப் வண்டி. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, டிரைவர் ஸீட்டில் ஆளில்லை, கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கிறது. ‘யாரப்பா இந்த அம்பானி?’ என்று எட்டிப் பார்த்தால், உள்ளே இரண்டு லாப்ரடார்கள் ஏ.ஸி. காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டு ஹாய்யாக உட்கார்ந்திருக்கின்றன!

டிரைவர் என் பக்கத்து இலைதான். "மொதலாளி தோட்டத்துக்குக் கொண்டு போறேன் ஸார். கீழ இருந்து ஏ.ஸி.லயே கூட்டியாறேன். ஆஃப் பண்ணிட்டு நான் சோறு திங்க முடியுமா? வெந்துடும் ஸார் ரெண்டும்."

நம்ம பி.காம். மூளை உடனே பேரேட்டைத் திறந்தது. நின்ற இடத்தில் ஏ.ஸி.யோடு ஓடினால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர சாப்பாட்டுக்கு அரை லிட்டர். நாற்பத்தைந்து ரூபாய், போனால் ஐம்பது. மெஸ் சாப்பாட்டைவிட நாய்க்கு ஏ.ஸி. மலிவு!

கிண்டலாகச் சொன்னாலும், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்ஷியஸ் ஏறுகிறது என்று அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அதில் எண்பது சதவிகிதம் முதல் அரை மணியிலேயே! கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லையாம். நமக்காவது உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வியர்வை; மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைப்பதுதான் அதன் ஃபேன். சுற்றியிருக்கிற காற்றே அனலானால் அந்த ஃபேன் வேலை செய்யாது. அதன் சாதாரண உடம்புச் சூடே 38, 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் ஆபத்து. அதிலும் லாப்ரடாரின் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாண்ட். பனித் தண்ணீரில் நீந்தி மீனவர்களுக்கு எடுபிடியாக இருந்த பரம்பரை. இரட்டைக் கம்பளி போர்த்திய மாதிரி ரோமம். 2005-ல் தபால்தலையில் இடம் பிடித்த நம்ம ராஜபாளையத்துக்கு அந்தச் சுமை இல்லை. அதற்காக ராஜபாளையத்தைப் பூட்டி வைத்துவிடாதீர்கள், அதுவும் தாங்காது.

ரசத்துக்கு வந்திருப்போம். வாசலிலிருந்து மெஸ் அக்காவின் குரல்: "யாரு வண்டிப்பா அது? சத்தம் நின்னு போச்சு!"

டிரைவர் சோற்றுக் கையோடு ஓடினார். நின்ற இடத்தில் வண்டிக்கு எதிர்காற்று கிடையாது, சூட்டில் ஏ.ஸி.யையும் இழுத்து இழுத்து, தடுமாறி அணைந்திருக்கிறது எஞ்சின். சாவி உள்ளே தொங்குகிறது, கதவு பூட்டியிருக்கிறது. ஸ்பேர் சாவி சட்டைப் பையில். ரசம் கையால் அதை எடுப்பதற்குள் இரண்டு தடவை கீழே விழுந்தது. எப்போது அணைந்ததோ, யாருக்குத் தெரியும்? கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி ஓர் அனல். ஒன்று தானே குதித்துவிட்டது. இன்னொன்றுக்குக் கால் நிற்கவில்லை. வாயோரம் கெட்டியாக எச்சில். அந்த டிரைவரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

பலா மரத்தடிக்குத் தூக்கிப் போனோம். அக்கா குடத்தோடு வந்துவிட்டார். வயிறு, தொடை, கால் என்று தண்ணீர் ஊற்ற ஊற்ற, நான் துண்டால் விசிறினேன். ஒரு பெரியவர் ஈரச் சாக்கைப் போர்த்தச் சொன்னார். நல்ல எண்ணம்தான், ஆனால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். ஊற்றுவதும் விசிறுவதும்தான் சரி. டாக்டரிடம் ஓடுவதற்கு முன்னாலேயே இதை ஆரம்பித்துவிட வேண்டும். கால் மணி நேரம் எங்களுக்கு மூச்சில்லை. அப்புறம் தலையைத் தூக்கி அக்காவின் குடத்துக்குள்ளேயே மூக்கை விட்டது. "அடச் சீ, என் குடம்!" என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 126-வது பிரிவுப்படி, லைசென்ஸ் உள்ள ஆள் ஸீட்டில் இல்லாவிட்டால் எஞ்சினை நிறுத்தி பிரேக் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஓடவிட்டுப் போகக் கூடாது. நிறுத்தி நாயை வேகவிட்டாலோ, 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம் காத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான்: ஒருத்தர் சாப்பிட்டால் இன்னொருத்தர் வண்டியில் இருக்க வேண்டும். ஒண்டிக்கட்டை டிரைவர் என்றால் நாயோடு கீழே இறங்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் எஞ்சினை ஓட விடவே கூடாது. புகையில் வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே முடித்துவிடும்.

"நாய்க்கு ஏ.ஸி. பழகிடுச்சு, உங்களுக்கு எப்படி?" என்று டிரைவரைக் கேட்டேன். முன்பு பத்து வருஷம் லாரி ஓட்டினவராம். மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட புது லாரிகளுக்கு கேபின் ஏ.ஸி. கட்டாயம் என்றானதே 2025 அக்டோபரிலிருந்துதான். "நான் ஓட்டின காலத்துல ஈரத்துண்டுதான் ஸார் ஏ.ஸி." என்றார்.

வெயில் தாழட்டும், கால்நடை டாக்டரிடம் காட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போகலாம் என்று முடிவானது. சாவி இரண்டையும் அக்காவின் கல்லாவில் போட்டுவிட்டு, மரத்தடியில் நாய்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார் டிரைவர். அக்கா புது இலை கொண்டு வந்து அங்கேயே விரித்தார். சாம்பாரிலிருந்து மறுபடி ஆரம்பம். பில் மட்டும் ஒரே சாப்பாட்டுக்குத்தான்.