வில்வண்டியும் வெட்டிய வில்லும்

எங்கள் தென்பகுதியில் மாட்டுவண்டிகளுக்கிடையே ஒரு படிநிலை இருந்தது. கட்டைவண்டியில் பாரத்தையும் அச்சையும் பிரிக்கும் பொருள் எதுவும் கிடையாது. சக்கரம் கல்லில் ஏறினால் அமர்ந்திருப்பவனின் முதுகெலும்பும் அந்தக் கல்லை அறியும். வில்வண்டியிலோ அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகள் இருந்தன. சாலையின் அடியை அவை வாங்கிக்கொண்டன. வசதி படைத்தவர் வில்வண்டியில் போனார், மற்றவர் கட்டைவண்டியில் போனார் அல்லது நடந்தார். ஒருவருடைய உடலுக்கும் தெருவின் மேடுபள்ளத்திற்கும் இடையே எவ்வளவு இடைவெளி உண்டு என்பதே அன்று அந்தஸ்தின் அளவாக இருந்தது.

அந்த இடைவெளி எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்டதுமில்லை. மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரில், புலையர் குலத்தில் பிறந்த அய்யன்காளி 1893ஆம் ஆண்டு ஒரு வில்வண்டியை வாங்கி, தலைப்பாகை அணிந்து, தமக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றார். வரலாற்று நூல்கள் அதை வில்வண்டிப் பயணம் என்றே குறிக்கின்றன. நடந்து சென்றும் உரிமையைக் கேட்டிருக்கலாம். ஆனால் காண்போர் கண்ணில் படும்படி, அழகான வண்டியில், மணியோசையோடு போவது வேறு வகையான கேள்வி. வண்டி என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் போவதற்கு மட்டுமன்று. நான் இருக்கிறேன் என்று தெருவுக்குச் சொல்வதற்கும் வண்டி வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் நினைத்துப் பார்க்க வைத்தவன் என் மாணவன் ஒருவன். நாசரேத்துக்காரன், மூன்றாம் ஆண்டு இளங்கலைத் தமிழ். அவன் வீட்டில் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது. 1983இல் வெளிவரத் தொடங்கி 2014இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அந்தச் சிறு வண்டி எங்கள் பக்கத்து ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கோயில் அசனங்களுக்கும் திருமண வீடுகளுக்கும் சீரியல் விளக்குக் கட்டப் போய் 6500 ரூபாய் சேர்த்திருந்தான். அந்தப் பணத்தில் வண்டியைத் தாழ்த்த வேண்டும் என்பது அவன் ஆசை. சக்கரத்திற்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் இடையே தெரியும் வெற்றிடம் அவனை உறுத்தியது. "மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல ஒரு விரல் போற கேப்தான் ஐயா இருக்கணும். அப்பதான் வண்டி தரையோட ஒட்டி நிக்கும்" என்றான். யாப்பில் தளை தட்டுவதைக் கேட்கும் செவியோடு அவன் அந்த இடைவெளியைப் பார்க்கிறான் என்று தோன்றியது. ஆகவே அவனோடு பட்டறைக்குப் போனேன்.

நாசரேத்தில் கைத்தொழிலுக்கு மதிப்புண்டு. கேனன் ஆர்தர் மர்காசிஸ் 1878ஆம் ஆண்டிலேயே இங்கே கைத்தொழிற் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நாங்கள் போன பட்டறையின் அண்ணாச்சி அந்த மரபின் வழி வந்தவரா என நான் கேட்கவில்லை. ஆனால் இரும்பைப் பற்றி அவர் பேசிய முறை அப்படித்தான் இருந்தது. நான்கு சுருள்வில்லையும் கழற்றி ஆளுக்கொரு சுற்று வெட்டி மாட்ட 1200 ரூபாய் என்றார். உடனே, "வெட்டுறது அரைநாள் வேலை தம்பி. வெட்டுனத ஒட்ட முடியாதுல்லா" என்றும் சொன்னார்.

அவர் விளக்கியதை என் மொழியில் எழுதுகிறேன். சுருள்வில் என்பது உண்மையில் ஒரு நீண்ட எஃகுக் கம்பி. பாரம் இறங்கும்போது ஒவ்வொரு சுற்றும் சிறிது முறுக்கிக்கொண்டு தன் பங்குக்கு அமிழ்கிறது. வேலை செய்யும் ஆறு சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் எஞ்சிய ஐந்தும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். வில்லின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அதே வேளையில் அமிழ்வதற்கான இடமும் குறைகிறது. பள்ளத்தில் இறங்கினால் தடுப்பு ரப்பரில் போய் முட்டும். முழு உயரத்துக்கென்று செய்யப்பட்ட ஷாக் அப்சார்பர் எப்போதும் பாதி மடங்கிய நிலையிலேயே உழைத்து விரைவில் தேயும். சக்கரங்களின் சாய்வு மாறுவதால் டயர் ஒருபக்கமாகத் தேயும். வெட்டிய முனை தன் கிண்ணத்தில் ஒழுங்காக உட்காராது. சக்கரம் பெரிய குழியில் தொங்கும் கணத்தில் வில் இருக்கை விட்டு நழுவவும் கூடும். வெட்டாமல் நெருப்பைக் காட்டி அமிழ்த்துகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். எஃகின் பதம் போய்விடும், பிறகு அது வில்லாக இருக்காது.

முறையாகச் செய்வதென்றால் அளவுக்கேற்ற குட்டை வில், அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பர், கடைசியில் வீல் அலைன்மென்ட். அதற்கு ஆகும் பணம் அவனிடம் இருந்ததைப் போலப் பல மடங்கு. மலிவான வழியில் கண்ணுக்குத் தெரியும் தாழ்வு மட்டும் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அசைவு பறிபோகிறது.

மாருதி 800இன் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே 170 மில்லிமீட்டர் இருக்கிறது. இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறைப்படி வேகத்தடை 100 மில்லிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் அந்த இலக்கணப்படி அமைந்த வேகத்தடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவரவர் வீட்டு வாசலில் அவரவர் அச்சத்தின் உயரத்திற்கு எழுப்பியவையே மிகுதி. இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மீதி 120. நான்கு பேர் ஏறினால் அதுவும் குறையும்.

அந்த வண்டியில் ஏறுபவர்களில் ஒருவர் அவனுடைய ஆச்சி. வாரம் இருமுறை அவருக்குத் தூத்துக்குடியில் டயாலிசிஸ். போகும்போது களைப்பு, திரும்பும்போது அதைவிடக் களைப்பு. இருக்கை தாழ்ந்தால் மூட்டுவலி உள்ளவர்கள் எழுவது கடினம். வில் விறைத்தால் ஒவ்வொரு குழியும் அவர் உடம்பில் இறங்கும். இதை நான் சொல்லவில்லை, அண்ணாச்சிதான் கேட்டார்: "ஆச்சி இதுலதான போகுது?" அவன் பதில் சொல்லாமல் டயரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சட்டத்தை மட்டும் நான் எடுத்துச் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் வரையறுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அவன் சிரித்தான். "வெட்ட 1200, மாட்டிக்கிட்டா 5000. பட்ஜெட் சரியாத்தான் ஐயா வருது" என்றான்.

அவனை வீண் ஆசைக்காரன் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த ஆசைக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. பந்தயக்காரர்கள் வளைவில் வண்டி சாயாமலிருக்கத் தாழ்த்தினார்கள். அழகுக்காகத் தாழ்த்தியவர்களில் முதன்மையானவர்கள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வாழ்ந்த மெக்சிகோ வழி வந்த ஏழைத் தொழிலாளிகளின் பிள்ளைகள். 1940களில் பழைய செவர்லே கார்களை வாங்கி, புதுப்பாகம் வாங்கப் பணமில்லாததால் டிக்கியில் மணல் மூட்டைகளை ஏற்றிப் பின்பக்கத்தை அமிழ்த்தினார்கள். வில்லை வெட்டியவர்களும் உண்டு. வெள்ளை இளைஞர்கள் வண்டியை வேகத்திற்காக மாற்றியபோது இவர்கள் தாழ்வாகவும் மெதுவாகவும் போவதற்காக மாற்றினார்கள். சக்கர விளிம்பின் அடிமட்டத்தைவிடத் தாழ்ந்த பாகம் வண்டியில் இருக்கக் கூடாது என்று 1958இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. மறு ஆண்டே ரான் அகிர்ரே என்ற இளைஞர் விமானங்களில் பயன்பட்ட ஹைட்ராலிக் பம்புகளைத் தம் கார்வெட் வண்டியில் பொருத்தினார். காவலர் தென்பட்டால் ஒரு சுவிட்சைத் தட்டி வண்டியை உயர்த்திக்கொள்ளலாம். அந்தத் தடைகள் நீங்க 2024 சனவரி வரை ஆயிற்று.

அய்யன்காளியின் வில்வண்டியும் இந்த வண்டிகளும் ஒன்றல்ல. ஒன்றில் உயிருக்கே ஆபத்து இருந்தது. ஆயினும் தெருவில் தலைநிமிர்ந்து, அவசரமின்றி, அழகாகக் கடந்து போகும் விருப்பம் இரண்டிலும் இருக்கிறது. தமிழில் 'தாழ்த்து' என்ற சொல்லுக்கு உயரத்தைக் குறைப்பது என்றும் காலம் கடத்துவது என்றும் இரு பொருள் உண்டு. வேகமாகப் போக வேண்டியவனுக்குத் தாழ்ந்த வண்டி இடைஞ்சல். தாழ்த்திப் போக விரும்புகிறவனுக்கோ அதுவே வாகனம். என் மாணவன் விரும்பியதும் அந்த இரண்டாவது பொருளைத்தான் என்று நினைக்கிறேன்.

மணல் மூட்டைக் கதையைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. 6500 ரூபாயில் பெரும்பகுதிக்குப் பின்பக்கத்து இரண்டு ஷாக் அப்சார்பரையும் புதிதாக மாற்றினான். வில்லின் மேல் கைவைக்கவில்லை. கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம், கேரல் பாடிப் போகும் இரவில், சொந்தப் பனந்தோப்பின் செம்மண்ணை இரண்டு சாக்கில் கட்டி டிக்கியில் ஏற்றினான். பின்பக்கம் அமிழ்ந்து, டயர் வளைவுக்குள் பாதி மறைந்தது. மூக்கு தூக்கியதால் விளக்கின் ஒளி சாலையை விட்டு வேப்பங்கிளைகளில் விழுந்தது. பாடுவோர் பின்னால் நடக்க, நடையின் வேகத்திலேயே தெருத்தெருவாகப் போனான். வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். பையன்கள் கூடவே ஓடினார்கள்.

மறுநாள் காலை ஆச்சிக்கு மருத்துவமனை முறை. விடியுமுன் மூட்டைகளை இறக்கினான். வண்டி தன் உயரத்துக்கு எழுந்துகொண்டது.