தஃப்தரும் ஒரு பழைய வன்தட்டும்

எங்கள் மஹல்லாவின் நிக்காஹ் தஃப்தரில் 2001 முதல் 2004 வரையிலான ஏடுகளைக் கரையான் தின்றுவிட்டது. அலமாரியின் அடித்தட்டில் இருந்தவற்றில் எஞ்சியவை அட்டையும் தையல் நூலும் சில ஓரங்களும் மட்டுமே. அந்த ஆண்டுகளில் மணமுடித்த ஒரு ராத்தா, கணவர் வஃபாத்தாகி இத்தாவும் முடிந்த பின், குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார். அலுவலகத்தில் திருமணச் சான்று கேட்டார்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இல்தான் வந்தது. அதற்கு முந்திய நம் திருமணங்கள் பலவற்றுக்கு ஜமாஅத்தின் தஃப்தரைத் தவிர வேறு எழுத்துச் சான்று கிடையாது. வீட்டில் இருந்த சான்றிதழோ வீடு மாறியபோது தொலைந்து போயிருந்தது.

"ஊரே கூடி வந்து சாப்பிட்ட கல்யாணம் தம்பி. அதை இப்போது எதைக் காட்டி நிரூபிப்பேன்?" என்று கேட்டார் ராத்தா.

ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பழைய கணினி துணி போர்த்திக் கிடந்தது. அக்காலத்தில் அங்கே எழுத்தராக இருந்த பெரியவர், தஃப்தரில் கையால் எழுதிய பின், அதே விவரங்களைப் பேஜ்மேக்கரில் தட்டச்சு செய்து சான்றிதழாக அச்சிட்டுக் கொடுப்பார். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகச் சேமித்தும் வைத்தார். அவரும் இப்போது மண்ணறையில். கணினியைத் திறந்து பார்த்தால், தாய்ப்பலகையின் மின்தேக்கிகள் வீங்கி வெடித்திருந்தன. நாற்பது ஜிபி வன்தட்டு மட்டும் உயிரோடு சுழன்றது.

கோப்புகளை மட்டும் நகலெடுத்துப் புதிய கணினியில் திறந்தால் போதாதா என்று முத்தவல்லி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்ததே 2001இல். அதன் குறுந்தகடும் இல்லை, தமிழ் எழுத்துருவின் குறுந்தகடும் இல்லை. இரண்டும் அந்த வன்தட்டுக்குள், விண்டோஸ் எக்ஸ்பியோடு நிறுவப்பட்ட நிலையில் மட்டுமே இருந்தன. ஆகவே தட்டில் இருப்பதை ஒரு கோப்பும் விடாமல் எழுப்பி நிறுத்துவதே வழி.

முதலில் யூஎஸ்பி இணைப்பான் ஒன்றின் மூலம் தட்டை லினக்ஸ் கணினியில் மாட்டி, அதில் ஓர் எழுத்தும் எழுதப்படாதவாறு, முழுத் தட்டையும் ஒரே படிமக் கோப்பாக நகலெடுத்தேன். அசல் தட்டை உறையிலிட்டு முத்தவல்லியிடமே திருப்பிக் கொடுத்தேன். இனிச் செய்யும் சோதனைகள் எல்லாம் நகலின் மீதுதான். ஊர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தில் பரிசோதனை செய்து பார்க்க எனக்கு உரிமை இல்லை.

மெய்நிகர் இயந்திரம் என்பது கணினிக்குள் ஒரு கணினி. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள், இல்லாத ஒரு தாய்ப்பலகையையும் திரையையும் வட்டுக் கட்டுப்படுத்தியையும் இருப்பதுபோல் உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குக் காட்டுகிறது. வெளியே இருப்பதை வீட்டுக்காரர் என்றும் உள்ளே இருப்பதை விருந்தாளி என்றும் அத்துறையில் குறிப்பிடுவார்கள். பொருத்தமான சொற்கள். அடுத்த சில நாள்கள் நான் செய்ததெல்லாம், வயது முதிர்ந்த விருந்தாளி ஒருவர் தம் வீட்டில் எதற்குப் பழகியிருந்தார் என்று கண்டறிந்து அதை ஏற்பாடு செய்து கொடுத்ததுதான்.

இயந்திரம் தொடங்கவே மறுத்தது முதல் தடை. மெய்நிகராக்க வசதி பயாஸில் அணைக்கப்பட்டிருக்கிறது என்றது பிழைச் செய்தி. பல மடிக்கணினிகளில் இது அணைந்த நிலையிலேயே வருகிறது. பயாஸுக்குள் சென்று இயக்கியதும் அது தீர்ந்தது. இரண்டாவது தடைதான் என் தூக்கத்தை எடுத்தது. விண்டோஸின் சின்னம் தோன்றும்; நீலத்திரை ஒரு கணம் மின்னும்; இயந்திரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட அவகாசம் இல்லை. தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்தினால் வரும் பட்டியலில், பிழை நேர்ந்தால் தானாக மறுதொடக்கம் செய்யாதே என்றொரு தேர்வு உண்டு. அதைத் தேர்ந்த பிறகு நீலத்திரை நின்றது. எண் 0x0000007B.

தொடங்க வேண்டிய வட்டை இயங்குதளத்தால் அணுக முடியவில்லை என்பது இதன் பொருள். வட்டு பழுது என்று எண்ணிப் பலர் இந்த இடத்தில் கைவிட்டு விடுகிறார்கள். உண்மையில் வட்டு அப்படியே இருக்கிறது. அதற்குச் செல்லும் வாசல்தான் மாறியிருக்கிறது. எக்ஸ்பி 2001இல் வந்தது. இன்றைய சாட்டா ஏஎச்சிஐ கட்டுப்படுத்திக்கு உரிய இயக்கி அதனிடம் இயல்பாகக் கிடையாது. புதிய இயந்திரத்தில் வட்டு சாட்டாவில் இணைந்திருந்தது. அதை அகற்றி, பிக்ஸ்4 வகை ஐடிஇ கட்டுப்படுத்தியில் இணைத்தேன். மீண்டும் அதே எண்.

இங்கேதான் வீங்கிய மின்தேக்கிகளோடு ஓரத்தில் கிடந்த தாய்ப்பலகை உதவியது. அதன் மீதிருந்த சில்லு இன்டெல் அல்லாத வேறொரு வகை. எக்ஸ்பி தனக்கு அன்றாடம் தேவைப்பட்ட ஐடிஇ இயக்கியை மட்டும் தொடக்கத்தில் ஏற்றிக்கொள்ளப் பழகியிருந்தது; விர்ச்சுவல்பாக்ஸ் காட்டிய இன்டெல் வகைச் சில்லு அதற்கு அந்நியம. படிமத்தின் நகலில் உள்ள பதிவகக் கோப்பை வெளியிலிருந்து திறந்து, பொதுவான ஐடிஇ இயக்கிகள் தொடக்கத்திலேயே ஏறுமாறு பதிவுகளைச் சேர்த்தேன். நீலத்திரை போயிற்று. அதற்குப் பதிலாகக் கருந்திரை வந்தது. இயந்திர அமைப்பில் ஐஓ ஏபிக் என்ற ஒன்றை இயக்கியபோது அதுவும் விலகியது. பழைய கணினியில் எக்ஸ்பி நிறுவப்பட்ட நாளில் அவ்வசதி இருந்திருக்கிறது. அதை எதிர்பார்த்தே அது நின்றுகொண்டிருந்தது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு ஒரு ஸ்னாப்ஷாட். இதை மட்டும் விடாப்பிடியாகக் கடைப்பிடித்தேன். ஸ்னாப்ஷாட் என்பது அந்தக் கணத்தின் நிலையை அப்படியே நிறுத்தி வைப்பது; மாற்றம் பலிக்காவிட்டால் அந்நிலைக்குத் திரும்பிவிடலாம். மூன்று அமைப்புகளை ஒருசேர மாற்றி இயந்திரம் ஓடிவிட்டால் மகிழ்ச்சிதான், ஆனால் எதனால் ஓடியது என்பது தெரியாது. அடுத்த முறை நின்றால் மீண்டும் இருட்டில் தடவ வேண்டும்.

பச்சைப் புல்வெளிப் படம் தோன்றியபோது நள்ளிரவு கடந்திருந்தது. மேசைத்திரையில் 'நிக்காஹ்' என்ற கோப்புறை. அதனருகே 'தலாக்', 'குலா' என்று இரண்டு.

இயந்திரத்தின் பிணைய இணைப்பை அதற்கு முன்பே துண்டித்து வைத்திருந்தேன். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. அதை இணையத்தில் விடுவது கதவில்லாத வீட்டில் பெட்டகத்தை வைப்பது போன்றது. ஆனால் இப்போது அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவன் நான். யார் எவ்வளவு மஹர் பேசினார்கள், எந்த வீட்டில் எதனால் பிரிவு நேர்ந்தது என்பதெல்லாம் ஒரு சொடுக்குக்கு அப்பால் இருந்தது. கணினி பழுது பார்ப்பவர்களிடம் நாம் எவ்வளவு எளிதாக நம் வீட்டு ரகசியங்களைக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று அந்த இரவில் எண்ணிக்கொண்டேன். இயந்திரத்தை அந்நிலையிலேயே உறங்க வைத்துவிட்டு, மறுநாள் லுஹருக்குப் பின் முத்தவல்லியையும் இமாமையும் அருகே அமர்த்தி, ராத்தாவின் கணவர் பெயரிலிருந்த ஒரே கோப்பைத் திறந்தேன். 2003, ஷவ்வால் மாதம். மணமக்களின் பெயர்கள், வலீயின் பெயர், மஹர், சாட்சிகள் இருவர். அந்தச் சாட்சிகளில் ஒருவர் இன்னும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவரை அழைத்து விசாரித்து, இரண்டும் ஒத்துப்போன பிறகே ஜமாஅத் புதிய சான்றிதழில் கையொப்பமிட்டு முத்திரை வைத்தது. கணினியில் இருந்தது என்பதற்காக மட்டும் கையொப்பமிட முடியாது என்று இமாம் சொன்னது சரியென்றே நானும் நினைக்கிறேன். அலுவலகம் அச்சான்றை ஏற்றுக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த எக்ஸ்பியின் உரிமம் இறந்துபோன கணினியோடு வந்தது. அதனால் இந்த மெய்நிகர் இயந்திரத்தை அலுவலகக் கணினியாக ஆக்கிக்கொள்ளும் எண்ணம் ஜமாஅத்துக்கு இல்லை. பதிவுகள் வெளியே வரும்வரைதான் அது. வெளியே எடுப்பதோ திறப்பதைவிடப் பெரிய வேலையாக இருக்கிறது. கோப்புகள் பாமினி எழுத்துருவில் உள்ளவை. அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமர்ந்திருக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகத் தெரியும். கொம்பு முன்னால் வரும், யூனிகோடில் அதைப் பின்னால் தள்ள வேண்டும். இவற்றை மாற்றிக் கொடுக்கும் கருவிகள் உண்டு. ஆனால் அந்த எழுத்துருவில் ஜவும் ஸவும் சதுர அடைப்புக்குறிகளின் இடத்தில் இருக்கின்றன, ஷ சாய்கோட்டின் இடத்தில். பிற ஊர்க் கோப்புகளில் அரிதாக வரும் இவ்வெழுத்துகள் நம் பெயர்களில் வரிக்கு வரி வருகின்றன. முகவரியில் உண்மையாகவே அடைப்புக்குறி போட்டிருந்தால் கருவி அதையும் ஜவாக்கிவிடுகிறது. ஷாஜஹானுக்கும் ஸாஜிதாவுக்கும் நேரும் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கிறோம். இஷாவுக்குப் பின் அரை மணி நேரம், பள்ளியின் பக்க அறையில். நான் திரையைப் பார்த்துப் படிக்க, ஊரின் எல்லா வீடுகளையும் அறிந்த மோதினார் திருத்துவார். திருத்திய ஏடுகள் நல்ல தாளில் இரண்டு படிகளாக அச்சாகின்றன. ஒன்று அலுவலகத்தில் இரும்புப் பெட்டியில், மற்றொன்று பக்கத்து மஹல்லாவின் பெட்டியில். தலாக், குலா கோப்புறைகளை இமாம் மட்டும் தனியாக அமர்ந்து சரிபார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. நிக்காஹ் பதிவுகளில் ஹிஜ்ரி 1423 ரஜப் வரை வந்திருக்கிறோம்.