எரிஞ்சா போதாது, ஒரே மாதிரி எரியணும்

லேப்ல பல்பு எரிஞ்சதும் அப்சர்வேஷன் நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு கேன்டீனுக்குக் கிளம்பிடுவோம். எரியுது, அப்போ சர்க்யூட் சரி. நம்ம கணக்கு அவ்வளவுதான். ஆனா என்லார்ஜர்னு ஒரு மெஷின் இருக்கு. அதுல பல்பு எரியறது பாதி வேலைதான். மீதிப் பாதியை மரக்காணத்துல, உப்பளத்துக்குப் பக்கத்துல இருக்குற எங்க வீட்ல வெச்சுக் கத்துக்கிட்டேன். உங்களுக்கும் எங்கேயாவது உதவும்னு எழுதுறேன்.

என்லார்ஜரைப் பார்க்காதவங்களுக்கு ஒரு வரி. செங்குத்தா நிக்கிற ப்ரொஜெக்டர்னு வெச்சுக்கோங்க. மேலே பல்பு, அதுக்குக் கீழே நெகட்டிவ், அப்புறம் லென்ஸ், அடியில பலகை. பலகையில வெள்ளி உப்பு பூசின பேப்பரை வெச்சு, பத்துப் பன்னிரண்டு செகண்ட் வெளிச்சம் காட்டி, டெவலப்பர்ல போட்டா படம் வரும். வெளிச்சம் கூடினா முகம் கருத்துப்போகும், குறைஞ்சா வெளுத்துப்போகும்.

இந்தக் காலத்துல இது எதுக்குன்னு கேப்பீங்க. எங்க பெரியப்பா மரக்காணத்துல சின்னதா ஒரு ஸ்டூடியோ வெச்சிருந்தார். கடை மூடி பல வருஷம் ஆச்சு. நெகட்டிவ் எல்லாம் ஒரு தகர டிரங்குப் பெட்டியில கிடந்தது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரையைக் கடந்தப்போ எங்க பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி வந்தது. பெட்டியைக் காய வைக்கலாம்னு திறந்தா, குப்புன்னு வினிகர் வாசனை. அது நல்ல அறிகுறி இல்லை. பழைய பிலிம் நிறைய செல்லுலோஸ் அசிடேட்ல செஞ்சது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தா அது சிதைஞ்சு அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். அந்த அமிலம் மறுபடியும் சிதைவை வேகப்படுத்தும். கடைசியில பிலிம் சுருங்கி, மேல இருக்குற படப் படலம் சுருக்கம் விழுந்து பிரிஞ்சுடும். ஒரு தடவை ஆரம்பிச்சா திருப்ப முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும்.

அதே வாரம் அளத்துல உப்பு வாருற அக்கா ஒருத்தங்க வீட்டுக்கு வந்தாங்க. அவங்க அம்மாவோட ஒரே போட்டோ வெள்ளத்துல ஊறிப் போச்சு. "பெரியப்பா எடுத்ததுதான் தம்பி, அந்தப் பிலிம் இருக்குமா?"ன்னு கேட்டாங்க. இருந்தது. முதல் வேலையா மொபைல்ல நெகட்டிவைப் படம் எடுத்து, கலரைத் திருப்பி அனுப்பிட்டேன். பார்த்துட்டு, "போன் போனா இதுவும் போயிடும். எனக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு, பழைய மாதிரி பேப்பர்ல போட்டுக் குடு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்"னாங்க. அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை ரெண்டு மாசம் படுத்தி எடுத்தது.

பெரியப்பாவோட என்லார்ஜர் எப்பவோ பழைய இரும்புக்குப் போயிடுச்சு. திண்டிவனத்துல மூடிக்கிடந்த ஒரு ஸ்டூடியோவுல இன்னொண்ணு கிடைச்சது. இத்தாலிக்காரங்க டர்ஸ்ட் கம்பெனி செஞ்சது. லென்ஸ் சுத்தம், தலைப்பகுதியும் உடையலை. ஆனா பல்புக்குக் கரண்ட் குடுக்குற பெட்டி இல்லை. பல்போ 12 வோல்ட், 100 வாட் ஹாலஜன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுறதுக்குள்ள மழை, வேலைன்னு சில வாரம் ஓடிடுச்சு. அதுக்குள்ள உப்புக் காத்து தன் வேலையைக் காட்டிடுச்சு. அலுமினியத் தண்டுல வெள்ளைப் பொடி, பித்தளையில பச்சை, ஸ்க்ரூல துரு. ஏன் இவ்வளவு வேகம்? சுத்தமான சோடியம் குளோரைடு, காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் தாண்டினாத்தான் தண்ணியை இழுத்துக் கரையும். ஆனா கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் இருக்கு. அதுக்கு சுமார் 33 சதவீதமே போதும். அதாவது நம்ம கடற்கரையில அது காய்ஞ்சிருக்கிற நாளே அபூர்வம். உப்புத் தூசி படிஞ்ச உலோகம் எப்பவும் நனைஞ்ச உலோகம்தான்.

இங்கே ஒண்ணு கவனிங்க. துருன்னதும் நாம முதல்ல எண்ணெய் அடிப்போம். உப்பு எண்ணெயில கரையாது, அடியில அப்படியே உக்காந்திருக்கும். முதல்ல பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரால கழுவணும். அப்புறம் ஸ்பிரிட்டால துடைச்சு ஈரத்தை எடுத்து, முழுசா காய வெச்சு, அதுக்கு மேலதான் கிரீஸ். லென்ஸையும் ஒயரையும் தனியா கழட்டி வெச்சுட்டுத்தான் இதெல்லாம்.

வேடிக்கை என்னன்னா, இந்தக் கலையே உப்புல பிறந்தது. 1830-களில் இங்கிலாந்துல டால்பட், பேப்பரை உப்புத் தண்ணியில நனைச்சு, அதுமேல சில்வர் நைட்ரேட் பூசித்தான் வெளிச்சத்தைப் பிடிச்சார். அந்த உப்பே இங்கே மெஷினைத் தின்னுது.

அடுத்தது கரண்ட். 12 வோல்ட்ல 100 வாட்னா 8.3 ஆம்பியர். பல்பு ஹோல்டர் காண்டாக்ட்ல உப்பு அரிச்சு 0.1 ஓம் கூடினாலே 0.8 வோல்ட் காலி, ஏழு வாட் சூடு அந்த இடத்துலயே. 230 வோல்ட் பல்பா இருந்தா இதே 0.1 ஓம் நமக்குத் தெரியவே தெரியாது. அதனால ஹோல்டரைப் புதுசா மாத்தினேன். ஒயரும் அப்படித்தான். 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை ரெண்டு மீட்டர் இழுத்தா, போக வர நாலு மீட்டர், 1.15 வோல்ட் விழும். 2.5 போட்டா 0.23 வோல்ட்தான்.

முதல்ல ஒரு இரும்புக்கோர் ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஓட்டினேன். பல்பு பளிச்சுனு எரிஞ்சது. அக்காவோட அம்மா படத்தை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒண்ணு, நள்ளிரவுல ஒண்ணு போட்டேன். அதே நெகட்டிவ், அதே 12 செகண்ட். ஒண்ணுல அந்தம்மா சோகை பிடிச்ச மாதிரி, இன்னொண்ணுல கரி பூசின மாதிரி. மீட்டரை வெச்சுப் பார்த்தேன். ஏழு மணிக்கு லைன்ல 195 வோல்ட், நள்ளிரவுல 238. இழை பல்புல வெளிச்சம் வோல்டேஜோட சுமார் 3.4 மடிப்புல மாறும். கணக்கு போட்டுப் பாருங்க: சாயங்கால வெளிச்சம் நள்ளிரவு வெளிச்சத்துல பாதிதான். அதோட வோல்டேஜ் குறைஞ்சா வெளிச்சம் சிவப்பா மாறும். பேப்பருக்கு நீலமும் பச்சையும்தான் தெரியும், சிவப்பு தெரியாது. ஆகவே பேப்பரோட கணக்குல நஷ்டம் பாதிக்கும் மேல. நம்ம கண்ணோ ரெண்டு வேளையும் "நல்லாத்தானே எரியுது"ன்னு சொல்லும்.

தீர்வு, 12 வோல்ட் 12.5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். லைன் ஏறி இறங்கினாலும் அவுட்புட் 12-லயே நிக்கும். ஆனா அதை நேரா மாட்டினா பல்பு மினுக் மினுக்னு வெட்டுச்சு. சூடா இருக்கும்போது இழையோட ரெசிஸ்டன்ஸ் 1.44 ஓம், குளிர்ந்திருந்தா 0.1 ஓம் பக்கம். ஸ்விட்ச் போட்ட நொடியில அது ஷார்ட் சர்க்யூட் மாதிரி, சப்ளை தற்காப்புக்காக அணைஞ்சுடுது. அதனால பல்போட சீரிஸ்ல 1 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு. இப்போ தொடக்கக் கரண்ட் 11 ஆம்பியர்தான். அரை செகண்ட்ல இழை பாதி சூடாகும், அப்போ ஒரு ரிலே ரெசிஸ்டரைத் தாண்டி நேர் வழி விடும். கார் ஹெட்லைட்டுக்குப் போடுற 30 ஆம்பியர் ரிலே ரெண்டு, நேரம் எண்ண ஒரு அர்டுயினோ. மெஷின் உடம்பை எர்த் பண்ணி, லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டேன். இருட்டுல, ஈரக் கையோட, உலோகத்தைத் தொட்டுச் செய்யற வேலை. இதுல சிக்கனம் வேண்டாம்.

அப்புறம் மறுபடியும் சாயங்காலம் ஒண்ணு, நள்ளிரவுல ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல வெச்சப்போ எது எப்போ போட்டதுன்னு எனக்கே பின்னால எழுதி வெச்சதைப் பார்த்தாத்தான் தெரிஞ்சது. அக்கா ரெண்டையும் வாங்கி, வெளிச்சத்துல மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "இதுல எது வேணா தங்கச்சி எடுத்துக்கட்டும்"னு சொன்னாங்க. எந்த லேப் கையெழுத்தும் எனக்கு அவ்வளவு நிம்மதி தந்ததில்லை.

பெட்டியில இன்னும் நிறைய இருக்கு. வாசனை வர்ற பிலிமை வராததுகிட்டேயிருந்து பிரிச்சு, காகித உறையில போட்டு வெச்சிருக்கேன். மூடின டப்பாவுல அமில ஆவி தங்கி மத்ததையும் கெடுத்துடும். ஊட்டியில 1960-ல ஆரம்பிச்ச இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடியாச்சு, பேப்பர் இறக்குமதிதான். அதனால எல்லாத்தையும் மொபைல்ல படம் எடுத்து வெச்சுட்டு, கேக்குறவங்களுக்கு மட்டும் பிரிண்ட்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? பரண்ல, பீரோ மேல, தாத்தா பெட்டியில நெகட்டிவ் இருக்கான்னு பாருங்க. இருந்தா மூக்குகிட்ட கொண்டு போங்க. வினிகர் வாசனை வந்தா அடுத்த லீவுக்குன்னு தள்ளிப்போடாதீங்க.